நனையாத பெட்டி

சனிக்கிழமை மாலை. கிள்ளானில் ஒரு சிறிய தனியார் கல்லூரியின் கூடைப்பந்து அரங்கு. பயிற்சியின் நடுவே பெஞ்சுக்கு வந்த ஜீவன், தன் புட்டியில் இருந்த சாக்லெட் புரோட்டீன் பானத்தைக் குடித்தான். அடுத்த நிமிடம் தொண்டையைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். புட்டி கைநழுவி, பெஞ்சில் திறந்து கிடந்த அவன் பைக்குள்ளேயே கவிழ்ந்தது.

நிலக்கடலை அவனுக்கு ஆகாது. தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் உடனே போட்டுக்கொள்ள ஓர் ஊசி எப்போதும் அந்தப் பையில் இருக்கும். அன்று அது கிடைக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது. மருத்துவமனையில் காப்பாற்ற முடியவில்லை. திங்கட்கிழமை கோலாலம்பூரின் பெரிய பல்கலைக்கழக அணியில் சேர வேண்டியவன்.

ஞாயிறு காலை இன்ஸ்பெக்டர் லோகேஸ்வரி, பயிற்சியாளர் சுகுமாறனை விசாரித்தார்.

“பானம் கலக்கினது யாரு?”

“நான்தான் மேடம். ஒரே ஜக்குல கலக்கி, பேர் போட்ட புட்டியில ஊத்தி பெஞ்சுல வச்சேன். நானும் அதையேதான் குடிச்சேன்.”

“ஜீவன் போறது பிடிக்காம கத்தினீங்களாம்?”

“கத்தினேன் லா. ஒண்ணும் தெரியாம வந்தவனை நான் பழக்கினேன். நல்லா ஆடுற நேரத்துல பெரிய யுனிவர்சிட்டி வந்து கூட்டிட்டுப் போயிடுது. வருஷா வருஷம் இதே கதை. ஜீவன் இல்லன்னா அடுத்து பிரவினைக் கேப்பாங்க. யாரு போனாலும் என் டீம்தான் காலி.”

“ஊசி?”

“பையை அப்படியே தரையில கொட்டினேன். துண்டு, ஷூ எல்லாம் சாக்லெட்ல ஊறி வழிஞ்சுது. ஊசி இல்ல மேடம். இருந்தா குத்தியிருக்க மாட்டேனா?”

மதியம் ஜீவனின் நெருங்கிய நண்பனும் அதே அணி ஆட்டக்காரனுமான பிரவின் அந்தப் பையோடு நிலையத்துக்கு வந்தான். கண்கள் வீங்கியிருந்தன.

“சாமானெல்லாம் அள்ளிப் போட்டுட்டு அவன்கூட ஆம்புலன்ஸ்ல போனேன். அப்புறம் பையை என்ன செய்யறதுன்னு தெரியாம வீட்டுக்கே கொண்டு போயிட்டேன்.”

“வேற யாராவது தொட்டாங்களா?”

“இல்ல மேடம். என் ரூம்லதான் இருந்துச்சு.”

லோகேஸ்வரி திறந்தார். புளித்த வாடை. துண்டு விறைத்துக் காய்ந்திருந்தது. அடியில், ஓர் அட்டைப்பெட்டிக்குள் ஊசி.

“ஐயோ, இங்கதான் இருந்திருக்கு! கோச் பதட்டத்துல பார்க்கலயா?” என்று பிரவின் தலையில் கை வைத்தான்.

செவ்வாய்க்கிழமை ஆய்வு முடிவு வந்தது. ஜீவனின் புட்டியில் மட்டும் கச்சான், அதாவது நிலக்கடலைப் பொடி. லோகேஸ்வரி சுகுமாறனையும் பிரவினையும் அரங்குக்கு வரச் சொன்னார்.

“கச்சான் பொடியை யாரு வேணும்னாலும் போட்டிருக்கலாம். புட்டி பெஞ்சுலதானே இருந்துச்சு.” அவர் அட்டைப்பெட்டியை நீட்டினார். “ஆனா இதைப் பாருங்க.”

வெள்ளை அட்டை. ஒரு கறைகூட இல்லை.

“பையில பானம் கொட்டி எல்லாம் ஊறிப்போச்சு. இது மட்டும் நனையல. அப்ப இது பைக்குள்ளேயே இல்ல. எல்லாம் காஞ்ச பிறகுதான் உள்ள வந்திருக்கு. ராத்திரி முழுக்க பை உன் ரூம்ல, பிரவின். யாரும் தொடலன்னு நீயே சொன்ன. கோச் சரியாத் தேடலன்னு பழி விழணும்னுதானே வச்ச?”

பிரவின் சுவரில் சாய்ந்தான்.

“நேத்து யுனிவர்சிட்டியிலேருந்து போன் வந்துச்சா?”

தலையசைத்தான். “சாகணும்னு நெனைக்கல மேடம். சேர்ந்து போவோம்னு சொன்னான். அவங்க அவனை மட்டும் எடுத்தாங்க. கொஞ்சம் முடியாம போனா திங்கக்கிழமை போக மாட்டான்னு...”

“முடியாம போறதுக்கு கச்சானே போதும். ஊசியை எதுக்கு எடுத்த?”

சுகுமாறன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் லோகேஸ்வரி கம்போங் மேடானில் ஜீவனின் அக்கா குமுதாவைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டது ஒன்றுதான்.

“பிரவின் அம்மாவுக்குத் தெரியுமா?”

“இன்னும் இல்ல. இனிமேதான் போறேன்.”

குமுதா உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

“நானும் வரேன் மேடம். போலீஸ் மட்டும் போய் வாசல்ல நின்னா அந்த ஆன்டி தாங்க மாட்டாங்க.”