மைனஸ் இருபத்தெட்டில் ஒரு பிளக்

போன் அலறியது.

ஞாயிற்றுக்கிழமை காலை. இன்ஸ்பெக்டர் சிர்க்கா காபியும் கையுமாக எடுத்தாள். கேட்டாள். காபியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

கைவோலா நகரத்து வீடுகளுக்கெல்லாம் குழாய் வழியாகச் சூடு அனுப்பும் கம்பெனி. அதன் சர்வர் அறை முந்தின நாள் சாயங்காலம் எரிந்துவிட்டது. தீ அணைந்து உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு பிணம்...

ஒஸ்ஸி. அங்கே கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்டவன்.

வெளியே மைனஸ் இருபத்தெட்டு டிகிரி குளிர். எந்தக் குழாயில் எவ்வளவு சூடு என்கிற விவரமெல்லாம் எரிந்த சர்வரில். அதற்குப் பிரதி கிடைக்காவிட்டால் ஊரே விறைத்துப் போகும்.

கம்பெனி ஆபீசில், டைரக்டர் யார்மோ அவள் எதிரே வந்து உட்கார்ந்தார். முகத்தில் துக்கம் இருந்தது. ஷேவ் பண்ணி, தலைவாரி, அளவாகப் பூசிக்கொண்ட துக்கம்.

"ஒஸ்ஸி பாவம்ங்க. சிகரெட்... எத்தனை தடவை சொல்லியிருப்பேன். தீயைப் பாத்து ஓடி, வழுக்கி விழுந்திருப்பான்."

"அடி பின்மண்டைல இருக்கே?"

"மல்லாக்க விழுந்திருப்பான்."

"மூணு தடவையா?"

யார்மோ சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நேத்து எங்க இருந்தீங்க?"

"ஏரிக்கரை வீட்ல. வெள்ளிக்கிழமையே போயிட்டேன். சாவ்னால ஆவிக் குளியல், தூக்கம். இன்னிக்கு காலைல உங்க ஆளுங்க போன் பண்ணப்பதான் கிளம்பினேன். தனியாதான் இருந்தேன். சாட்சி வேணும்னா ஏரியைத்தான் கூப்பிடணும்."

"கேமரா ரெக்கார்டிங்?"

"அதுவும் அந்த சர்வர்லதான். போச்சு." பெரிய வருத்தமாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

"பேக்கப்?"

யார்மோ சிரித்தார்.

பேக்கப் பிரதி ஒன்று ஊருக்கு வெளியே இருக்கவேண்டும் என்பது விதி. அதற்கென்று இடம் பார்க்கச் சோம்பல்பட்டு, தன் ஏரிக்கரை வீட்டுக் கொட்டகையிலேயே பிரதி சேமிக்கும் பெட்டியை வைக்கச் சொன்ன மகான் இவர். வாராவாரம் வெள்ளி ராத்திரி தொடங்கினால், பிரதி முழுதாக அங்கே போய்ச் சேர ஒரு ராத்திரியும் அரைப் பகலும் ஆகும். அதன்பிறகு புதிதாகப் பதிவாவதெல்லாம் உடனுக்குடன் போகும்.

"இந்தக் குளிர் ஆரம்பிச்சதுலேருந்து ஒரு தடவைகூட முழுசா போனதில்ல. ஒஸ்ஸியோட லட்சணம் அது."

"அவன்கூட வேலை பாத்த தூலி வேற மாதிரி சொல்றாளே. கொட்டகைல ஒரே ஒரு கரண்ட் பாயிண்ட். வாராவாரம் யாரோ பெட்டியோட பிளக்கைப் பிடுங்கிடறாங்களாம்."

"யாரோ என்ன யாரோ? நான்தான். இந்தக் குளிர்ல ராத்திரி கார் ஹீட்டரைக் கரண்ட்ல போட்டு இன்ஜினைச் சூடா வைக்கலன்னா மறுநாள் இன்ஜின் முனகக்கூட முனகாது. காரா, பெட்டியான்னா எனக்குக் கார்தாம்மா. கிளம்பறப்ப திரும்ப மாட்டிடுவேன்."

"ஆனா பேக்கப் சரியா இருக்குன்னு மாசாமாசம் கையெழுத்து போட்டிருக்கீங்க."

"எல்லா ஊர்லயும் போடறதுதானே?"

"நாளைக்கு அதிகாரிங்க வந்து, பேக்கப்லேருந்து எல்லாத்தையும் திரும்ப எடுத்துக் காட்டச் சொல்றதா இருந்தாங்க. ஒஸ்ஸி வாயைத் திறந்தா உங்க நாற்காலி போயிருக்கும்."

"ஒரு பிளக்குக்காக யாராவது கொலை பண்ணுவாங்களா?"

"நாற்காலிக்காகப் பண்ணுவாங்க. சரி... இந்த வாரமும் பிளக்கைப் பிடுங்கினீங்களா?"

"பின்னே? வெள்ளிக்கிழமை போனதும் முதல் வேலை அதுதான். காலைல கிளம்பறப்பதான் மாட்டினேன்."

"நிச்சயமா?"

"சத்தியமா."

சிர்க்காவின் செல்போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

காலையிலேயே ஒரு கான்ஸ்டபிளோடு ஏரிக்கரைக்கு அனுப்பி வைத்த தூலிதான் பேசினாள்.

"மேடம்... பெட்டில எல்லாம் முழுசா இருக்கு. வெள்ளி ராத்திரிலேருந்து தீப்பிடிச்ச நிமிஷம் வரைக்கும் அறுபடாம வந்திருக்கு. ஊருக்குச் சூடு வந்துடும்."

யார்மோவின் முகம் மலர்ந்தது. அடுத்தவன் உழைப்புக்கு மாலை வாங்கியே பழகிய முகம். அது யோசிக்காமல் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா? நான் பண்ணின ஏற்பாடு. ஊரையே காப்பாத்திடுச்சு."

"வாழ்த்துக்கள். இந்தக் குளிர்காலத்துல முழுசா முடிஞ்ச முதல் பேக்கப்." சிர்க்கா அவரையே பார்த்தாள். "இந்த வாரம் மட்டும் ஏன் முடிஞ்சுது?"

மலர்ந்த முகம் அப்படியே நின்றது.

"பிடுங்க ஆள் இல்ல. நீங்க அங்க போகவே இல்ல."

"மேடம்..." தூலியின் குரல் உடைந்தது. "கேமரா படமும் வந்திருக்கு. டைரக்டர் சர்வர் ரூமுக்குள்ள போறாரு. கைல பெரிய ஸ்பேனர்... ஒஸ்ஸி திரும்பிக்கூடப் பாக்கல."

அறையில் அவள் அழுகை மட்டும் கேட்டது.

ஒரு முழு பேக்கப்புக்காகக் குளிர்காலம் பூராவும் இந்த ஆளிடம் மன்றாடியிருக்கிறான் ஒஸ்ஸி. அது கைக்கு வந்தபோது பார்க்க அவன் இல்லை. எதிரே இருந்த சலவைச் சட்டையைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

விலங்கை எடுத்தாள்.

"வெளிய மைனஸ் இருபத்தெட்டு..." யார்மோ என்ன பேசுவதென்று தெரியாமல் உளறினார். "இப்பவேவா போகணும்?"

"கவலைப்படாதீங்க டைரக்டர் சார். எங்க வேன் சாவியைத் திருப்பின உடனே கிளம்பும்... ராத்திரி பூரா பிளக்லதான் இருந்துச்சு!"