அமெரிக்க அம்மாவின் கூந்தல்

தாராவியில் வானமாமலையின் அறைக்குள் ஜகந்நாதன் நுழைந்தபோது காலை பத்து மணி. வெளியே தோல் ஊறும் தொட்டிகளின் நாற்றம். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தவருக்கு உள்ளே வேறொரு வாசனை எதிர்ப்பட்டது. நீலிபிருங்காதி எண்ணெய். வீட்டில் அதை யார் தேய்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

“என்னப்பா, டோப்பா ரெடியா?”

நாடகக் கம்பெனிகளுக்குப் பொய்முடி டோப்பா கட்டிக் கொடுக்கிற வானமாமலை அதைக் கையால் தொடவில்லை. ஒரு குச்சியால் தள்ளிவிட்டான்.

“கொண்டுட்டுப் போயிருங்க சாமி. ஏழு வாட்டி சீயக்கா போட்டுக் கழுவிட்டேன், எண்ண கசிஞ்சிக்கிட்டே இருக்கு. இடுப்பளவுக்கு வெட்டி வச்சா விடிஞ்சதும் முட்டுக்கு வந்துருது. சோத்துல முடி, குடிக்கிற தண்ணியில முடி. எம் பொஞ்சாதி வாந்தி எடுத்துக் கெடக்கா. இது யாரு முடி சாமி?”

“யார் முடியா இருந்தா உனக்கென்ன?” என்று வெடுக்கென்று கேட்டுவிட்டு, அதைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஜகந்நாதன் கிளம்பினார்.

அவர் சொல்லாவிட்டால் என்ன, நாம் சொல்லிவிடலாம். ஜகந்நாதன் மாதுங்காவில் இங்கிலீஷ் வாத்தியார். அவருடைய தங்கை விசாலாக்ஷி இருபது வயதில் புருஷனைப் பறிகொடுத்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில், அதுவும் பம்பாயில், பத்தாம் நாள் நாவிதரை வரவழைத்து அவள் தலையை மழித்தார்கள். அந்த முடியை மாஹிம் கடலில் விட்டுவிட்டு வருவது அண்ணாவின் பொறுப்பு. அண்ணாவோ அதை பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரிக்கு மேல் ஒளித்துவைத்தார். பழைய அமெரிக்க நாடகம் ஒன்றைத் தமிழாக்கி, மாணவர்களுக்காக மேடையேற்ற ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். கடைசிக் காட்சியில் பண்ணை வீட்டு அம்மா கூந்தலை அவிழ்த்துவிட்டு நிற்க வேண்டும். இத்தனை நல்ல முடி வீணாகலாமா என்று நினைத்தார். தூ! இதுவும் ஒரு மனுஷ ஜன்மம்.

விசாலாக்ஷி மூலையில் முடங்கி, சோற்றை ஒதுக்கி, நான்கே மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். கடைசிவரை ஒரே கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, சமுத்திரத்திலே விட்டுட்டியோல்லியோ?”

“விட்டாச்சு, விட்டாச்சு” என்று பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே சொல்லிவந்தார். அவள் காரியம் முடிந்ததும் டின் தாராவிக்குப் போனது.

சனிக்கிழமை மத்தியானம் நாடகம். அமெரிக்க அம்மா வேஷம் ஜகந்நாதனின் பதினாலு வயது மகள் ஷ்யாமளாவுக்கு. மருதாணிச் சாயம் ஏற்றியிருந்த டோப்பாவை மேடைக்குப் பின்னால் வைத்துத் தலையில் மாட்டியதுமே அவளுக்கு ஓங்கரித்தது.

“குமட்டறதுப்பா. உள்ளே ஈரமா, வெதுவெதுன்னு இருக்கு. எடுத்துடுங்கோ.”

அந்த நிமிஷத்திலாவது அவர் எடுத்திருக்கலாம். ஆனால் கூடத்தில் ஐந்நூறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், முன்வரிசையில் ஹெட்மாஸ்டர் இருந்தார்.

“அரைமணி பொறுத்துக்கோடி” என்று தன் கையாலேயே அழுத்திவிட்டார். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியதை வேஷ்டியில் துடைத்துக்கொண்டார்.

கடைசிக் காட்சி வந்தது. ஷ்யாமளா கொண்டையை அவிழ்த்தாள். கூந்தல் இடுப்பில் விழுந்தது, முழங்காலைத் தாண்டியது, பலகையில் புரண்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். மகன் வேஷக்காரனைப் பார்த்துப் பேசவேண்டியவள், திரைமறைவில் நின்ற ஜகந்நாதன் பக்கம் மெல்லத் திரும்பினாள்.

“அண்ணா.”

அது ஷ்யாமளாவின் குரல் இல்லை.

“சமுத்திரத்திலே விட்டுட்டியோல்லியோ?”

திரை விழுந்தது. டோப்பாவைப் பிடித்து இழுத்தார்கள். அது வரவில்லை, மண்டைத் தோல்தான் கூடவே எழும்பி வந்தது, ரத்தம் புள்ளி புள்ளியாகத் துளிர்த்தது. வானமாமலை கட்டிய வலைத்துணியைக் காணோம். ஒவ்வொரு முடியும் குழந்தையின் தலையில் வேர்விட்டிருந்தது.

வேறு வழியில்லை. அதே நாவிதரை அழைத்தார்கள். தாய் ராஜலக்ஷ்மி சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள். ஷ்யாமளா மட்டும் அழவில்லை. பழக்கப்பட்டவள் மாதிரி தலையைக் குனிந்து கொடுத்தாள்.

சாயங்காலமே ஜகந்நாதன் அத்தனை முடியையும் வாரிக்கொண்டு மாஹிமுக்கு ஓடினார். முழங்கால் தண்ணீரில் நின்று அதைக் கடலில் விட்டார். “மன்னிச்சுடு விசாலம்” என்று வாய்விட்டு அழுதார். முடி அலையோடு போவதைக் கண்ணால் பார்த்தபிறகுதான் வீடு திரும்பினார்.

குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். தயிர்சாதத்தில் இரண்டாவது வாயிலேயே தொண்டையில் ஏதோ சிக்கியது.

விரலைவிட்டுத் துழாவினார். முடி.

இழுத்தார். வந்தது. இன்னும் இழுத்தார். வயிற்றுக்குள்ளிருந்து, சூடாக, வழவழவென்று வந்துகொண்டே இருந்தது. வாயெல்லாம் நீலிபிருங்காதி எண்ணெய். விரலில் சுற்றினார், உள்ளங்கையில் சுற்றினார். நுனி வரவில்லை.

சமையலறை வாசலில் ஷ்யாமளா நின்றிருந்தாள். பிறந்ததிலிருந்து அவரை அப்பா என்று மட்டுமே கூப்பிட்ட பெண். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

“மெதுவா, அண்ணா” என்றாள். “இன்னும் நிறைய இருக்கு.”