வாசப்படி நனையாத வீடு

கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓர் ஈரக்கோடு தெரிந்தது. அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் நேராக, கதவு நிலையைக்கூட விடாமல், நான்கு சுவரையும் சுற்றி வந்திருந்தது. பெயின்ட் அடித்து நான்கு நாள்தான் ஆகிறது. தரகர் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. "அந்தப் பெயின்டருக்குக் கூலி குடுத்ததே தண்டம்" என்று முனகியபடி ஜன்னல்களைத் திறந்தார். மூலைக்கு மூலை வாசனைத் தைலத்தைப் பீச்சினார். மல்லிகை மணத்துக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. நாள்பட்ட துணியை வாளியில் ஊறப்போட்டு மறந்த வாடை. மணி மூன்றுதான், ஆனால் மழை மூட்டத்தில் விளக்குப் போட வேண்டியிருந்தது.

மழை பெய்யும் நாளில்தான் வீடு பார்ப்பேன் என்று, இந்த வீட்டை வாங்க வரும் நர்ஸம்மா அடம்பிடித்திருந்தாள். வெள்ளம் வந்தாலும் வந்தது, எல்லாருக்கும் ஞானக்கண் திறந்துவிட்டது. முன்பெல்லாம் வெளிச்சம் வருமா, பள்ளிக்கூடம் பக்கமா என்று கேட்டார்கள். இப்போதோ வந்ததும் வராததுமாக அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்க்கிறார்கள். சுவிட்ச் பெட்டியைக் கழற்றச் சொல்லி, உள்ளே வண்டல் படிந்திருக்கிறதா என்று விரல் விட்டுத் துழாவுகிறார்கள். முட்டிவலிக்காரர்கள்கூட நாலாவது மாடிதான் வேண்டுமென்று மூச்சிரைக்க ஏறுகிறார்கள். சூடு கண்ட பூனைகள் என்று தரகருக்கு இளக்காரம். அவர் குடியிருந்தது பத்தாவது மாடியில். அது வேறு விஷயம்.

இந்த வீட்டை முன்பு வாங்கியவர் இப்படியெல்லாம் துருவவில்லை. ஓய்வுபெற்ற நூலகர், ஒண்டிக்கட்டை. "தண்ணி வருமா தம்பி?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "வாசப்படிகூட நனையாதுங்கய்யா" என்றார் தரகர். அவர் நம்பிக் கையெழுத்துப் போட்டார். வெள்ளத்தன்று தண்ணீரின் பாரத்தில் கதவைத் திறக்க முடியாமல் உள்ளேயே முடிந்துபோனார். மூன்றாம் நாள்தான் உடலை எடுத்தார்கள். "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன" என்று அதை டீக்கடையில் சொல்லிச் சிரித்தவர்தான் இந்தத் தரகர். தரகன் வாக்கை நம்பி வீடு வாங்குகிறவன் முட்டாள் இல்லாமல் வேறென்ன என்பது அவர் கட்சி.

நர்ஸம்மா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அண்ணே, போன வெள்ளத்துல இங்க எவ்வளவு வந்துச்சு?"

"வாசப்படிகூட நனையலம்மா."

சொல்லி முடிப்பதற்குள் தொண்டை கரகரத்தது. நாக்கில் மண் ருசி.

அவள் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். "ஈரமா இருக்கே?"

கோடு இப்போது இடுப்பு உயரத்தில் இருந்தது.

"புதுப் பெயின்ட்டும்மா. அப்படித்தான் இருக்கும்."

"உள்ரூம்ல யாரு?"

"யாருமில்லையே."

"இருமுறாங்களே." அவள் அசையாமல் காதைக் கொடுத்துக் கேட்டாள். "தெனமும் நோயாளிங்களோட கெடக்கறவண்ணே நான். அது நுரையீரல்ல தண்ணி கோத்த இருமல்." குடையை எடுத்துக்கொண்டாள். "எனக்கு இந்த வீடு வேணாம். நீங்களும் வெளிய வந்துடுங்க."

"போம்மா, போ. உனக்கெல்லாம் மரத்து மேலதான் வீடு பாக்கணும்!"

அவள் போனதும் காற்றில் வாசல் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. தரகர் சிரித்தபடியே போய்க் கைப்பிடியை இழுத்தார். வரவில்லை. நிலையில் கால் ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்தார். பூட்டிய கதவானால் கொஞ்சமாவது கடகடக்கும். இது மலைபோல் நின்றது. உள்பக்கத்திலிருந்து ஏதோ ஒரு பெரிய பாரம் அதை அழுத்திக்கொண்டிருந்தது. கதவுக்கும் தனக்கும் நடுவே.

தரை காய்ந்துதான் கிடந்தது. ஆனால் கால்சட்டை தொடையோடு ஒட்டியிருந்தது. சில்லென்று.

உள்ளறையில் இருமல். நின்றது. பிறகு, இன்னும் கொஞ்சம் பக்கத்தில்.

கோடு மார்பளவு.

ஜன்னலுக்குப் போக நான்கே எட்டுதான். ஒவ்வோர் எட்டுக்கும் எதிர்த்து முட்டித் தள்ள வேண்டியிருந்தது. கம்பியைப் பிடித்துக் கத்தினார். சத்தம் வரவில்லை. வாயிலிருந்து சேற்றுத் தண்ணீர் கொட்டியது.

கோடு கழுத்தளவு.

ஜன்னல் கம்பிகளில் ஏறினார். கால் வழுக்கியது. ஏறினார். அண்ணாந்து, முகத்தைக் கூரையோடு ஒட்டிக்கொண்டார். அங்கே காற்று இருந்தது. நாலு விரல்.

ஜன்னலுக்கு மேலிருந்த காற்றுத் துவாரம் வழியே தெரு தெரிந்தது. மழை விட்டிருந்தது. எதிர்ச்சாரியில் நர்ஸம்மா போனில் வேறு யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தாள். "மூணாவது மாடிக்கு மேல ஏதாச்சும் இருக்கா?"

மூன்று விரல்.

கீழேயிருந்து ஒரு கை அவர் கணுக்காலைப் பற்றியது. இழுக்கவில்லை. ஏறியது.

முழங்கால். இடுப்பு வார். தோள். நிதானமாக, ஏணியில் ஏறுவதுபோல.

இரண்டு விரல்.

ஊறிப்போன கன்னம் ஒன்று அவர் கன்னத்தோடு ஒட்டிப் படிந்து, மிச்சமிருந்த காற்றை உறிஞ்சத் தொடங்கியது.