வந்து வந்து போன சர்வர்

காலை 9.40. குழாய் மொத்த வியாபார அலுவலகத்தில் எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே பாட்டைப் பாடின: "சர்வருடன் இணைக்க முடியவில்லை."

முதலாளியின் சின்ன மகள் பதறி ஓடிவந்தாள். மேசைக்கு மேசை தனித்தனியாக ஓடிய பழைய கணக்கு மென்பொருளைத் தூக்கிவிட்டு, எல்லாவற்றையும் ஒரே சர்வரில் வைக்கும் புதிய பதிப்பைக் கொண்டுவந்தவள் அவள்தான். மாலைக்குள் பில் ஓடாவிட்டால் பழையதே திரும்பும், மேனேஜர் நாற்காலி அக்காவுக்கு என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

"வீட்டு நெட் பெட்டி, அந்த வைஃபை ரவுட்டர், ரிப்பேருக்குப் போயிருக்கு. இங்க சர்வர் படுத்துக்கிச்சு. என் நேரம்!" என்று புலம்பினாள்.

நெட்வொர்க் இன்ஜினியர் வந்தார். தொழில் வட்டாரத்தில் அவர் பெயர் மோப்பம். கேபிள்களைப் பார்த்தார், சர்வரைப் பார்த்தார். எல்லாம் கல்லுப்போல இருந்தன.

10.50. வாசலில் லாரி ஹாரன். கொஞ்ச நேரத்தில் இணைப்பு தானாக வந்தது. லாரி சரக்கு ஏற்றிக்கொண்டு போனதும் இணைப்பும் போயிற்று.

"இவதான்!" சின்ன மகள் எல்லார் முன்னாலும் அக்காவைக் காட்டினாள். மோப்பம் நாற்காலியை இழுத்து அக்காவின் எதிரே போட்டார்.

"நேத்து சர்வர் ரூமுக்குப் போனீங்களா?"

"போனேன். என் கணக்கைப் புதைச்ச இடத்தைப் பார்க்க."

"இது தோத்தா சந்தோஷமா?"

"பின்னே? இத்தனை வருஷம் நான் கட்டிக் காத்த கணக்கு. இவ நாலு பட்டனைத் தட்டிப் பேர் வாங்கிட்டா. வயிறு எரியாதா?"

அடுத்தது கோடியில் இருந்த, சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் அறை. அங்கே சின்ன மகளின் கணவர், வீட்டோடு மாப்பிள்ளை. பேச ஆரம்பிக்கும்போதே மறுபடி ஹாரன். சரக்கு ஏற்றுவதைப் பார்க்க அவர் எழுந்து, விளக்கு, மின்விசிறி, கம்ப்யூட்டர் என்று சுவர் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தார்.

"மாமனார் காசா இருந்தாலும் கரண்ட் கரண்ட்தானே சார்."

"மேடமுக்கு ஒரு கை கொடுக்கலாமே?"

"மேடமுக்கு நான் எதுக்கு? சிரிச்சுப் பேச ஊரே இருக்கே."

மோப்பம் வெளியே வந்தார். இணைப்பு திரும்பியிருந்தது. அக்கா கம்ப்யூட்டரை அணைக்காமலே மேசையில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். மோப்பம் சிரித்துவிட்டு எல்லாரையும் டெஸ்பாட்ச் அறைக்குக் கூப்பிட்டார்.

அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து சின்னக் கருப்புப் பெட்டி ஒன்றை இழுத்தார். வீட்டு நெட் பெட்டி.

"சர்வரோட ஐபி நம்பரையே, அதாவது நெட்வொர்க் விலாசத்தையே, இதுக்கும் கொடுத்திருக்கு. ஒரே கதவு எண்ல ரெண்டு வீடு இருந்தா தபால்காரர் எங்க போவார்? கம்ப்யூட்டரெல்லாம் சர்வர்னு நெனச்சு இதுகிட்ட போய் நின்னுச்சு. அக்காவோட மிஷின் ஓடும்போதே இணைப்பு வந்தது, அதனால அவங்க இல்ல. லாரி வந்தா சுவிட்ச் அணையறது இந்த அறையில மட்டும்தான். அப்ப இந்தப் பெட்டியும் செத்துடும்."

"அந்த நம்பரை வீட்டுல போன்ல சொல்லிட்டிருந்தேன். இவர் பக்கத்துலதான் இருந்தார்," என்றாள் சின்ன மகள். கணவரைப் பார்த்தாள். "ஏங்க?"

"வீட்டுல நான் பேசினா வெறும் 'ம்' கொட்டற. இங்க எல்லார்கிட்டயும் சிரிப்பு. லோடுமேன்கூட என்னை 'மேடம் வீட்டுக்காரர்'ங்கறான். நீ தோத்து வீட்டோட வந்துடணும்னு இருந்தது."

அப்பா தொண்டையைச் செருமினார். "குடும்ப விஷயம்மா. நாற்காலியை இப்போதைக்கு..."

"சர்வர் ஓடுதுப்பா. நாற்காலி எனக்குத்தான்." கணவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை. "அக்கா... மன்னிச்சுடுக்கா."

"எனக்கு இன்னும் வயிறு எரியத்தான் செய்யுது," என்றாள் அக்கா. "நீ என்கிட்ட தோக்கணும்னு ஆசைப்பட்டேன். இப்படியா?"

அக்கா தன் மேசைக்குப் போய், புதிய மென்பொருளில் முதல் பில்லைப் போட்டாள்.