முள் காட்டிய தூரம்

ஜன்னல் வழியே மலையைப் பார்த்துப் பிடித்த கேமராவில் முள் மலைப் படத்துக்குப் போகாமல், இரண்டு ஆட்கள் நிற்கும் படத்தில் போய் நின்றது. வெங்கடேஸ்வரிக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூன்று நாளாக வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே பிரித்து மாட்டிய பழைய கேமரா. அதற்கு உயிர் வந்ததே பெரிய விஷயம், கண்ணும் சரியாகத் தெரிய வேண்டுமென்றால் எப்படி?

பொத்தானைப் பாதி அமுக்கினால், எதிரே இருப்பது எவ்வளவு தூரம் என்று கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடிக்குள் வரைந்திருக்கும் குட்டிப் படங்களில் அந்த முள் காட்டும். மலை என்றால் வெகுதூரம். அப்புறம் இரண்டு ஆள், அதற்கும் பக்கத்தில் தனியாள். வெறும் தலை என்றால் கைக்கெட்டும் தூரம்.

பச்சை பூத்த பேட்டரித் தகடுகளை வினிகரால் துடைத்து, அறுந்த வயரைப் பற்றவைத்ததெல்லாம் உள்ளேயிருக்கும் பிலிமுக்காக. மகள் பிறந்த அன்று, பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு நின்ற பாண்டிச்செல்வத்தை நர்ஸ் எடுத்த படம் அதில் இருக்கிறது. ஆறாம் நாள் அவன் லாரியில் அடிபட்டுப் போனான். செல்போனும் அவனோடு நொறுங்கியது. அப்பனும் மகளுமாக இருப்பது அந்த ஒரே படம்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சுயம்புலிங்கம் போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: “பின் மூடியத் திறந்துராதம்மா, அம்புட்டும் வெளுத்துரும். கடைசிப் படம் வரைக்கும் அமுக்கு. பொறவு மோட்டாரே பிலிமச் சுத்திக்கிரும்.”

இன்னும் மூன்று படம் பாக்கி.

ஜன்னல் கம்பிதான் முள்ளை ஏமாற்றுகிறது என்று மொட்டைமாடிக்குப் போனாள். மூன்று மணி வெயில் காலைச் சுட்டது. மில்லின் இரைச்சலும் பஞ்சுத் தூசியின் வறண்ட வாடையும் தெருவெல்லாம் நிறைந்திருக்க, மேற்கே மலை நீலமாகக் கிடந்தது. அவளுக்கும் மலைக்கும் நடுவே வெறும் ஆகாயம். முள் இரண்டு ஆட்களிலேயே நின்றது. அமுக்கினாள்.

வயரை மாற்றிப் பற்றவைத்துவிட்டோமோ என்று சந்தேகம். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துப் பிடித்தாள், தூரம் சரியாக இருந்தது. கைப்பிடிச் சுவரும் சரி. மறுபடி மலைப்பக்கம் திரும்பினாள்.

தனியாள்.

கண்ணாடிக்குள் யாரும் இல்லை. மலை மட்டும் தெரிந்தது. அமுக்கிவிட்டாள். சட்டென்று கிழக்கே திரும்பினாள், அங்கும் வெட்டவெளிதான். அங்கும் தனியாள். அவள் திரும்பிய பக்கமெல்லாம் அதுவும் கூடவே திரும்பியது.

கீழே ஓடிவிடலாம். ஆனால் பேட்டரி விளக்கு மங்கி மங்கி எரிந்தது. இப்போது விட்டால் இந்தக் கேமரா மறுபடி பிழைக்காது. இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று.

பாதி அமுக்கினாள்.

தலை.

“ஏங்க, நீங்கதானா?” என்றாள். அவனாக இருந்தால் பயமில்லை என்று நினைத்தாள். அவன் இல்லையென்றால்? அவளுக்குத் தெரியவில்லை.

முழுசாக அமுக்கினாள்.

மோட்டார் உறுமியது. பிலிம் சுற்றத் தொடங்கியது. எண்கள் ஒவ்வொன்றாக இறங்கின. இருபது. பத்து. பூஜ்யம். படம் பிழைத்துவிட்டது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்துத் தன் பக்கம் திருப்பினாள். அந்த வெயிலில், லென்ஸ் கண்ணாடியில் வட்டமாக ஆவி படிந்திருந்தது. தன் மூச்சுத்தான் என்று நினைத்து வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள்.

ஆவி கலைந்தது.

மறுபடியும் படிந்தது.