தத்தெடுத்த டாஸ்க்

எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி கேப் இறக்கிவிட்டபோது நல்ல மழை. பிரிஸில்லா பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். புது டீமில் அன்றுதான் முதல் நாள். மூன்றாம் மாடி மூலையில், ஜன்னல் இல்லாத இடத்தில் அவளுக்கு ஒரு மேஜை ஒதுக்கியிருந்தார்கள். உட்கார்ந்ததும் பால் திரிந்த வாடை லேசாக வந்தது. யாரோ டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஐ.டி. கம்பெனியில் பிள்ளை பெறுவது போலச் சுலபமான காரியம் வேறு கிடையாது. வேலைகளைப் பதியும் பக்கத்தில் ஒரு க்ளிக் போதும். பெரிய வேலைக்குப் பெயர் பேரன்ட். அதற்குள் இருக்கும் சின்ன வேலை சைல்ட். சைல்டுக்குள்ளும் சைல்ட். ஒவ்வொன்றும் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் அதற்குத் தாய், தகப்பன் எல்லாம். அடியில் கிடக்கும் பிள்ளை ‘முடிந்தது’ என்று ரிப்போர்ட் செய்தால்தான் மேலே இருப்பதன் முன்னேற்றத்தைக் காட்டும் பச்சைக் கோடு நகரும். ஒரு பிள்ளை மக்கர் செய்தால் குடும்பமே தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் நிற்கும்.

அந்த டீமின் கோடும் அப்படித்தான் நின்றிருந்தது. காரணம் ஒரே ஒரு டாஸ்க். அதற்குப் பெயர் வைக்கப்படவில்லை. பொறுப்பாளர் என்ற இடம் காலி. முன்னேற்றம் பூஜ்யம்.

“இந்த அனாதையை யாராது தத்து எடுத்துக்கோங்கப்பா” என்றார் மேனேஜர் நாகேஷ். “ஓனர் இல்லாம இது டிலீட்டும் ஆகல்ல, க்ளோஸும் ஆகல்ல.”

ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். பிரிஸில்லாவுக்கு முதல் நாளே நல்ல பெயர் வாங்கிவிடும் ஆசை.

“நான் எடுத்துக்கறேன் சார். வீட்ல ஒண்ணு இருக்குது, இதோட ரெண்டு.”

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து மேஜை ஸ்னேஹா மட்டும் சிரிக்கவில்லை. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதைத்தான் பிரிஸில்லா அன்று சிரித்துக்கொண்டே செய்தாள்.

தன் பெயரை ஏற்றிவிட்டு டாஸ்க்கை மூடப் பார்த்தாள். மூடவில்லை. உள்ளே முடிக்கப்படாத பிள்ளைகள் இருப்பதாகத் திரை சொன்னது. திறந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை ஜீவனஹள்ளி வீட்டில், யு.கே.ஜி. படிக்கும் மகள் பவுலின் ஷூவை மாட்டிக்கொண்டு லேஸைக் கையில் பிடித்தபடி விழித்தாள்.

“ம்மா, இத்த எப்டி கட்றது?”

“இன்னாடி வெளாட்டு?” என்றான் அவள் புருஷன் டெரிக். “போன வாரம் கத்துக்கினு தெருவுக்கெல்லாம் காட்னியே!” மகள் உதட்டைப் பிதுக்கினாள். அவனே குனிந்து கட்டிவிட்டான்.

ஆபீஸில், அந்த அனாதைக்குள் ஒரு வரி முளைத்திருந்தது. எல்லாமே ஆங்கிலத்தில் ஓடும் பக்கத்தில் அது மட்டும் தமிழில் இருந்தது.

‘ஷூ லேஸ் கட்டுதல். முடிந்தது.’

புது ஆளைச் சீண்டிப் பார்க்கிறார்கள் என்று நினைத்தாள். ஆனால் காலையில் நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லையே? மேஜையைச் சுற்றி அந்தப் பால் வாடை அன்று கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

சாயங்காலம் மூவரும் ஜெபத்துக்கு மண்டியிட்டார்கள். பவுலின் “அருள் நிறைந்த மரியே” வரை வந்து நின்றாள். மறுபடி தொடங்கினாள். இந்த முறை “அருள்” என்பதோடு நின்றுபோனது. டெரிக் அதட்டினான். பிள்ளை அழுதது. பிரிஸில்லா எழுந்து போனில் ஆபீஸ் பக்கத்தைத் திறந்தாள்.

‘ஜெபம். முடிந்தது.’

பச்சைக் கோடு நகர்ந்திருந்தது.

அடுத்த நாள் ஸ்னேஹாவை மாடிப்படிக்கு இழுத்துப் போனாள். “அது யாரோட டாஸ்க்? உனக்குத் தெரியும்.”

ஸ்னேஹா குரலைத் தாழ்த்தினாள். “ஸ்ரீலக்ஷ்மியோடது மேடம். நீங்க உக்கார்ற சீட்டுதான். மெட்டர்னிட்டி லீவு போறதுக்கு முந்தி கடைசியா அதத்தான் க்ரியேட் பண்ணா. பேரு அப்புறம் வெக்கறேன்னு சொன்னா.”

“இப்ப எங்க இருக்கா?”

“பிரசவத்துல போயிட்டா. கொழந்தையும்தான்.”

 பிரிஸில்லா நாகேஷிடம் ஓடினாள். தன் பெயரை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள்.

“வேற யாராது எடுத்துக்கினாத்தான் கழட்ட ஆகும், பிரிஸில்லா. இல்லான்னா ஆகல்ல.”

ஸ்னேஹாவுக்குக் கைக்குழந்தை உண்டு. தெரிந்தும் அவளைத்தான் முதலில் கேட்டாள். தன் பிள்ளை என்று வந்துவிட்டால் அடுத்தவள் பிள்ளை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஸ்னேஹா நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். டீமில் கல்யாணமாகாத தேஜஸ்தான் கடைசியில், “அய்யோ, அதுக்கென்ன, கொடுங்க” என்று தன் பெயரைப் போட்டான்.

திரை ஏற்கவில்லை. மீண்டும் போட்டான்.

‘எனக்கு அம்மா இருக்கிறாள்.’

தேஜஸுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. “ஏதோ எரர் மேடம்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான்.

பிறகு பவுலினிடமிருந்து எண்கள் போயின. நிறங்கள் போயின. ஸ்பூன் பிடிப்பதைக் கை மறந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்து, எல்லாம் நார்மல் என்றார்கள். பிள்ளையிடமிருந்து ஒன்று போகும்போதெல்லாம் அந்த டாஸ்க்கில் ஒரு வரி கூடியது. பிரிஸில்லா வேலையை ராஜினாமா செய்தாள். அவளுடைய லாகின் ஐ.டி.யை அழித்துவிட்டதாக நாகேஷ் போனில் சொன்ன அன்று அவளும் டெரிக்கும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். தாயே இல்லையென்றால் பிள்ளை யாரிடம் போய் ரிப்போர்ட் செய்யும்?

மறுநாள் பவுலினால் நிற்க முடியவில்லை.

இப்போது பார்க்கப் பக்கமும் இல்லை. கோடு எங்கே வந்திருக்கிறது என்று தெரியாமல் இருப்பது, தெரிந்திருந்ததைவிடக் கொடுமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். டெரிக் சர்ச்சுக்குப் போயிருந்தான். வெளியே மழை கட்டி, வீடு விளக்கு வைக்கும் நேரம் போல இருண்டது. கரன்ட்டும் போனது. பிரிஸில்லா கூடத்துத் தரையில் மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பவுலினிடம் ஒரே ஒரு வார்த்தை மிச்சமிருந்தது. அதையும் விட்டுவிடக் கூடாதென்று காலையிலிருந்து சொல்ல வைத்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லு கண்ணு. அம்மா.”

பிள்ளை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்தது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

“அம்மா சொல்லும்மா. ஒரே ஒரு தடவ.”

பால் திரிந்த வாடை வந்தது.

“அம்மா.”

பவுலினின் குரல்தான். நல்ல தெளிவாக இருந்தது.

சமையலறையிலிருந்து வந்தது.

மடியில் கிடந்த பிள்ளையின் உதடு மூடியிருந்தது. ஆளில்லாத இடத்திலிருந்து கூப்பிடும் குரலுக்குப் பதில் கொடுக்கக் கூடாது என்று பிரிஸில்லாவுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டாள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

“அம்மா... இருட்டா இருக்குதும்மா.”

அழுகை முட்டும் குரல். எந்தத் தாயால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியும்?

“இங்கதான்டா இருக்கேன்” என்றுவிட்டாள்.

சமையலறைத் தரையில் வெறுங்கால்கள் ஓடி வரும் சத்தம் கேட்டது. மடியில் இருந்த சின்னக் கை அவள் விரலை விட்டது.