நேரில் பார்த்தேன், நலம்

அந்த வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணி. பயப்பட ஒன்றுமே இல்லை. பெரிய இரும்புக் கேட், உள்ளே சரளைக் கல் பாதை, மழைத்தண்ணீர் வழிந்து வழிந்து கறுத்துப்போன பழைய மாடி வீடு. பதினான்கு அறைகள், குடியிருந்தது ஒரே ஒரு பெண். மாடிப்படிக்குக் கீழே எனக்கு ஒரு நாற்காலியும் மேசையும் போட்டிருந்தார்கள். தலைக்கு மேலே சுவரில், மாடி அறையிலிருந்து அடிக்கும் ஓர் அழைப்பு மணி.

கேட்டில் நின்ற ஏட்டு ஒரு நோட்டை என் கையில் திணித்தார்.

"மணிக்கு ஒரு தடவை மேல போய் அம்மாவைக் கண்ணால பாக்கணும். பாத்துட்டு 'நேரில் பார்த்தேன், நலம்'னு எழுதிக் கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான் சார் வேலை."

"ஒவ்வொரு மணிக்குமா?"

"சட்டப்படி அப்படித்தான். நாங்க காலையில ஒரு தடவை ஏறிட்டு, சாயங்காலம் வரைக்கும் சேத்து எழுதிடுவோம். முழங்கால் தாங்கணுமே!"

சிரித்தார். நானும் சிரித்தேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அந்தப் பெண் இரண்டு பிஸ்கட் தொழிற்சாலைகளுக்கு முதலாளி. கணவர் இறந்து நான்கு வருஷம். கணவரின் அண்ணன், தொழிற்சாலை மேலாளரை இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றதைக் கிடங்குக் கதவோரம் நின்று பார்த்தவள் அவள் ஒருத்திதான். அந்த அண்ணன் ஜாமீனில் வெளியே இருந்தார். கோர்ட்டில் அவள் வாய் திறக்கும் நாள்வரை அவளை உயிரோடு வைத்திருப்பது, துப்பறியும் பிரிவுப் போலீஸ்காரனான என் பொறுப்பு.

நாற்பது நாள். ஏட்டு சொன்ன வழியில் நான் போகவில்லை. மணி தவறாமல் படியேறினேன். கடமை உணர்ச்சி என்று யாராவது நினைத்தால், அட போங்கய்யா. அவளைப் பார்க்கத்தான் ஏறினேன்.

"வாங்க துப்பறியும் சார். உயிரோடதான் இருக்கேன், எழுதிக்கோங்க," என்பாள். "பெரிய ஆளாச்சே, என் கண்ணாடி எங்கேன்னு கண்டுபிடிங்க பாக்கலாம்." கண்ணாடி அவள் தலைமேலேயே இருக்கும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் பத்து நிமிஷம் தேடுவேன்.

நாற்பதாம் நாள் காலையில், என் வயசென்ன, என் சம்பளமென்ன என்று எதையும் யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"கேஸ் முடிஞ்சாலும் நான் இங்கேயே இருந்துடட்டுமா?"

அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். 

மூக்கறுபட்டு இறங்கி வந்தேன். பணக்காரப் புத்தியைக் காட்டிவிட்டாள் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இருந்தேன். பகல் மூன்று மணிக்கு மாடிக்குப் போக மனசு வரவில்லை. நோட்டைத் திறந்தேன். மூன்று, நான்கு, ஐந்து என்று மூன்று மணிக்கும் உரிய வரிகளை ஒரே மூச்சில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றே காலுக்கு மணி அடித்தது.

வேணும்னா இறங்கி வரட்டும் என்று செய்தித்தாளைப் புரட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அடித்தது. பாதியில் நின்றது.

நான் எழுந்திருக்கவில்லை.

ஆறு மணிக்கு ஆள் மாற வேண்டும் என்பதால் படியேறினேன். கட்டிலுக்கும் மணியின் பொத்தானுக்கும் நடுவே தரையில் கிடந்தாள். கழுத்தில் திரைச்சீலைக் கயிறு. கை பொத்தானைப் பார்த்து நீண்டிருந்தது.

பின்பக்கப் படிக்கதவுக்குக் கணவரின் அண்ணனிடம் ஒரு சாவி இருந்திருக்கிறது. மூன்றரைக்கு அவர் கார் பின்தெருவில் நின்றதைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஆனால் நாலரையிலிருந்து ராத்திரி வரை அவர் ஏதோ ஒரு விழா மேடையில், இருநூறு பேர் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தார். ஏசி ஓடிய அறை என்பதால் உயிர் போன நேரத்தை டாக்டரால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அதைச் சொன்னது என் நோட்டு. ஐந்து மணிக்கு அவள் நலம். அப்படியானால் அண்ணன் நிரபராதி.

என் மேலதிகாரி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "எழுதினது எழுதினதாவே இருக்கட்டும். மாத்திப் பேசினா உன் வேலை போகும், நம்ம எல்லார் மானமும் போகும். உங்க அம்மா மருந்து உன் சம்பளத்துலதான் ஓடுது, மறந்துடாதே."

தலையாட்டினேன். தலையாட்ட என்ன, மாடுகூடத்தான் ஆட்டும்.

மறுநாளே அவள் வந்தாள்.

பட்டப்பகல். வீட்டில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். தெருவில் யாரோ கிளம்பாத ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒரு வாசனை வந்தது. ஈரத் தலையும் சோப்பும் கலந்தது. நிமிர்ந்தால், கதவோரம் அவள். தலை வாரியிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

கடிகாரத்தில் மூன்று.

நான் அவளை முழுசாகப் பார்த்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றாள். அப்புறம் அங்கே வெறும் கதவு.

நான்கு மணிக்குக் கட்டிலோரம் நின்றாள்.

கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு.

ஐந்து மணி நெருங்கியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இஸ்திரிப் பெட்டியின் சூடு அடித்துக்கொண்டிருந்த அறை திடீரென்று சில்லென்று ஆனது. சோப்பு வாசனை போய், நாள்கணக்கில் பூட்டிக் கிடந்த அறையின் நெடி. முகத்துக்கு நேரே யாரோ குனிந்திருந்தார்கள்.

"கண்ணைத் திறங்க சார்."

திறந்தேன்.

அன்று ஆறு மணிக்கு, தரையில் நான் பார்த்த முகம்.

"நலமா இருக்கேனா?" என்றாள், ரகசியம் பேசுவதுபோல. "எழுதிக்கோங்க."

அன்றிலிருந்து தினமும் மூன்று, நான்கு, ஐந்து. பஸ்ஸில் போனால் பக்கத்து இருக்கையில். ஆபீசில் பீரோ சந்தில். அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தால் அம்மாவின் தோளுக்குப் பின்னால். "என்னடா, பேயறைஞ்ச மாதிரி பாக்குறே?" என்றாள் அம்மா. என்னவென்று சொல்ல? பயம்கூடப் பழகிவிட்டது. வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை; திட்டியிருந்தால் தேவலை. நான் பார்த்ததாகப் பொய் எழுதிய மூன்று தடவையும் நேரில் வந்து நின்றாள், அவ்வளவுதான்.

ஐந்து மாதம் கழித்து, அவள் கொலை வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறினேன். காலை பதினொன்றரை. அவள் வருகிற நேரம் இல்லை. நான் பேசியது பேய்க்குப் பயந்து அல்ல, இதை மட்டுமாவது நம்புங்கள்.

அண்ணனின் வக்கீல் நோட்டை நீட்டினார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"அப்போ அஞ்சு மணிக்கு அவங்களை உயிரோட நேர்ல பாத்தீங்க. இல்லையா?"

முன்வரிசையில் மேலதிகாரி என்னையே பார்த்தார். அண்ணன் நிதானமாகக் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

"பாக்கலை. நாலு மணிக்கும் பாக்கலை, மூணு மணிக்கும் பாக்கலை. மூணு வரியும் பொய். மூணே காலுக்கு ஒரு தடவை, கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை மணி அடிச்சுது. அதுக்கும் நான் போகலை."

கைக்குட்டை மடிப்பது நின்றது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "ஏன் போகலை?"

அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் செத்துப் பிழைத்தேன்.

"அன்னிக்குக் காலையில அவங்ககிட்ட என் ஆசையைச் சொன்னேன். சிரிச்சாங்க. அந்த வீம்புல உக்காந்துட்டேன்."

பின்னால் யாரோ ஒரு பெண் "சீ!" என்றாள். நியாயம்தான். தலை குனிந்தபடியே இறங்கினேன்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, கோர்ட்டில் வாக்குமூலம் தட்டச்சு செய்கிற பெண் உள்ளே கூப்பிட்டாள். பன்னிரண்டு மணி தாண்டியிருந்தது. அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்."

படித்துக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கம்.

கேள்வி: ஏன் போகவில்லை?

பதில்: அவர் சிரித்தார். அந்த வீம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

பதில்: சந்தோஷத்தில் சிரித்தேன். அதைச் சொல்லத்தான் முதல் மணியை அடித்தேன்.

எழுத்துகள் கலங்கின. மறுபடி படித்தேன். அப்படியேதான் இருந்தது.

"இந்த ரெண்டாவது பதில்..." என்று அந்த வரியில் விரலை வைத்தேன்.

"அவங்க சொன்னதுதானே சார்? மெல்லத்தான் பேசினாங்க, ஆனா நல்லாக் கேட்டுச்சு. தப்பா அடிச்சுட்டேனா?"

"இல்லம்மா. தப்பு இல்லை."

கையெழுத்துப் போட்டேன். அழுகையில் அது கோணலாக விழுந்தது. அந்தப் பெண் காகிதத்தை வாங்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்களும் போடணும் சார். பேனாவைக் கொடுங்க."

நான் திரும்பவில்லை. பேனாவை மட்டும் பின்னால் நீட்டினேன்.

வாங்கிக்கொண்டார்கள்.